வெயில் பார்த்துப் பூக்கும் ஓர்க்கிட்

நிலை 7 – பாடம் 11

வாசிக்க முன் கதைப்போம்
• உங்கள் வீட்டில் ஓர்க்கிட் பூச்சாடி இருக்கிறதா? அது எதில் நட்டிருக்கிறது?
• மழை நாளில் மூடிக்கொள்ளும் பூ ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

1. மரத்தில் ஒன்று, மண்ணில் ஒன்று

பிள்ளைகளே, ஓர்க்கிட் பூ உங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைகளில் சாடியோடு விற்கிறார்கள். பிறந்தநாளுக்கோ வீடு குடிபூரலுக்கோ யாராவது ஒன்று கொண்டு வருவார்கள். அம்மா அதை யன்னல் ஓரத்தில் வைப்பார். நீண்ட தண்டில் வெள்ளைப் பூவோ ஊதாப் பூவோ வரிசையாக இருக்கும். வாரக்கணக்கில் வாடாது.

அந்தச் சாடிக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அநேகமாக உள்ளே மண் இருக்காது. மரப்பட்டைத் துண்டுகள்தான் இருக்கும். ஏன் தெரியுமா? அந்த வகை ஓர்க்கிட்டின் சொந்த இடம் ஆசியாவின் வெப்பமான காடுகள். அங்கே அது மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வளரும். வேர்கள் காற்றில் தொங்கும். மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் அந்த வேர்கள் உறிஞ்சும். மரத்தின் சாற்றை அது குடிப்பதில்லை. மரம் அதற்கு ஒரு இருக்கை, அவ்வளவுதான்.

சரி, இப்போது ஒரு கேள்வி. மார்க்கத்தில் உள்ள மேப்பிள் மரத்தில் அப்படி ஓர்க்கிட் வளருமா?

வளராது. ஜனவரி மாதத்தை நினைத்துப் பாருங்கள். சில இரவுகளில் குளிர் -20 பாகைக்கும் கீழே போகும். காற்றில் தொங்கும் வேர் அந்தக் குளிரில் உறைந்து செத்துவிடும்.

அப்படியென்றால் கனடாவில் காட்டு ஓர்க்கிட்டே இல்லையா? இருக்கிறது! ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் சுமார் 60 வகை இருக்கின்றன. ஆனால் அவை எல்லாமே நிலத்தில் வளருபவை. குளிர்காலம் வந்ததும் பெரும்பாலானவற்றின் இலையும் தண்டும் காய்ந்துவிடும். வேரும் ஒரு சிறிய மொட்டும் மண்ணுக்குள் இருக்கும். மேலே பனி மூடியிருக்கும். பனி ஒரு போர்வை மாதிரி. கடும் குளிர் கீழே இறங்காமல் அது தடுக்கும். மே மாதம் நிலம் சூடாகும்போது அந்த மொட்டு மெல்ல மேலே வரும்.

இலங்கையின் மலைநாட்டிலும், தமிழ்நாட்டின் நீலகிரி மலையிலும் இரண்டு வகையும் உண்டு: மரத்தில் வளரும் ஓர்க்கிட்டும் உண்டு, நிலத்தில் வளரும் ஓர்க்கிட்டும் உண்டு. நம்முடைய ஒன்ராறியோவில் நிலத்து ஓர்க்கிட் மட்டும்தான்.

2. வெயில் ஏன் வேண்டும்?

மே மாதத்தில் மார்க்கத்துப் புல்தரையில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும் பூ எது? ஓம், டாண்டலியன். அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கோ. வெயில் அடிக்கும்போது அது நன்றாக விரிந்திருக்கும். மாலையில் மூடிக்கொள்ளும். மழை மூட்டமாக இருந்தாலும் மூடிக்கொள்ளும்.

ஓர்க்கிட்டிலும் இப்படிச் செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அது அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. அதன் பெயரே சூரிய ஓர்க்கிட். நிலத்தில்தான் வளரும். பல வகைகள் அழகான நீல நிறம். ஓர்க்கிட் பூக்களில் நீலம் மிகவும் அரிது. வெயிலும் சூடும் உள்ள நாளில்தான் அவை விரியும். குளிராக இருந்தால், முகில் மூடியிருந்தால், மொட்டுப் போலவே மூடி இருக்கும். மலையேறிப் பார்க்கப் போனவர்கள் வெயில் வராததால் பூவைப் பார்க்காமலே திரும்பவும் நேரும்.

பூ ஏன் இப்படிக் காத்திருக்கிறது? பூவுக்குத் தேனீ வேண்டும். தேனீ ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குக் கொண்டு போனால்தான் காய் வரும், விதை வரும். குளிரான நாளில், மழை நாளில், தேனீக்கள் அதிகம் பறப்பதில்லை. யாரும் வராத நேரத்தில் கடையைத் திறந்து வைத்து என்ன பயன்? மழை பெய்தால் மகரந்தமும் நனைந்துவிடும். வெயில் வந்தால் தேனீ வரும். தேனீ வந்தால் பூவுக்கு வேலை நடக்கும்.

நம்முடைய ஒன்ராறியோ ஓர்க்கிட்கள் தினமும் மூடித் திறப்பதில்லை. ஆனால் அவற்றிலும் சில வகைகளுக்கு நல்ல வெயில் வேண்டும். அந்த வெயிலைத் தேடி அவை சதுப்பு நிலத்தில் வளருகின்றன. சதுப்பு நிலம் என்றால் எப்போதும் ஈரமாக, கால் புதையும்படி இருக்கும் நிலம். அங்கே மண்ணில் சத்துக் குறைவு, தண்ணீர் அதிகம். அதனால் பெரிய மரங்கள் நெருக்கமாக வளருவதில்லை. மரங்கள் நெருக்கமாக இல்லாவிட்டால் வானம் திறந்திருக்கும். வானம் திறந்திருந்தால் வெயில் நேரே தரைக்கு வரும்.

3. இரண்டு பூக்கள், இரண்டு தந்திரங்கள்

செருப்புப் பூ

ஆங்கிலத்தில் இந்தப் பூவின் பெயர் 'லேடிஸ் ஸ்லிப்பர்'. சீமாட்டியின் செருப்பு என்று அர்த்தம். சிரிப்பு வருகிறதா? பூவின் கீழ் இதழைப் பார்த்தால் பெயர் சரிதான் என்பீர்கள். அது குழந்தையின் சின்னச் சப்பாத்து மாதிரி உருண்டு இருக்கும். மஞ்சள் நிறத்தில் ஒரு வகை உண்டு. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வகை உண்டு. அதுதான் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணத்தின் சின்னப் பூ. எல்லாவற்றிலும் பெரியதும் வடிவானதும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த வகை. அது உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கூட வளரும். ஜூன் நடுப்பகுதியில் பூக்கத் தொடங்கும்.

அந்தச் சப்பாத்துக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. தேனீ 'உள்ளே தேன் இருக்கும்' என்று நினைத்து மேலே உள்ள ஓட்டையால் இறங்கும். உள்ளே தேன் இல்லை! திரும்பி ஏறப் பார்க்கும். விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டிருப்பதால் ஏற முடியாது. பின்பக்கத்தில் மட்டும் ஏணி போலச் சிறு மயிர்கள் இருக்கும். அதைப் பிடித்து ஏறினால் ஒரு சின்ன வாசல் வரும். அந்த வாசலால் நெருக்கிக்கொண்டு வெளியே வரும்போது மகரந்தம் தேனீயின் முதுகில் அப்பிக்கொள்ளும். அடுத்த செருப்புப் பூவுக்குள்ளும் அதே தேனீ ஏமாந்து விழுந்தால், அந்த மகரந்தம் அங்கே போய்ச் சேரும்.

புல்லுக்குள் ஒரு பூ

இரண்டாவது பூவின் பெயர் 'கிராஸ் பிங்க்'. இதன் இலை புல் மாதிரி ஒடுக்கமாக இருக்கும். பூ இல்லாத நேரத்தில் பக்கத்தில் நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பளிச்சென்று ரோசா நிறத்தில் பூக்கும்.

அநேக ஓர்க்கிட் பூக்களில் பெரிய இதழ் கீழே இருக்கும். இதில் அது மேலே நிற்கும். அந்த இதழில் மஞ்சள் நிற மயிர்கள் இருக்கும். தூரத்தில் பார்த்தால் மகரந்தம் போலத் தெரியும். தேனீ ஆசையோடு வந்து அதில் இருக்கும். உடனே அந்த இதழ் பிணைச்சல் வைத்த கதவு போலக் கீழே மடியும். தேனீ முதுகுப்பக்கமாகப் பூவின் நடுவில் விழும். மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பூவிலும் தேன் இல்லை.

தேனீக்கள் முட்டாள்கள் இல்லை. ஒன்றிரண்டு தரம் ஏமாந்தால் அந்தப் பூவுக்குப் போகாமல் விட்டுவிடும். அதனால் புதிதாகப் பறக்கத் தொடங்கிய தேனீக்கள்தான் அதிகம் ஏமாறும். அதனால்தான் இந்த ஓர்க்கிட்களில் பல பூக்கள் காய் வைக்காமலே உதிர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு காயும் ஒரு அதிர்ஷ்டம்.

உங்களுக்குத் தெரியுமா?
வனிலா ஐஸ்கிரீமில் உள்ள வனிலாவும் ஒரு ஓர்க்கிட்டின் காய்தான். அந்தக் கொடியின் சொந்த இடம் மெக்சிக்கோ பக்கம். அதை இந்து சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது. ஆனால் காய்க்கவில்லை. அதன் தேனீ அங்கே இல்லை! 1841இல் அங்கே அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட் அல்பியுஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு மெல்லிய குச்சியாலும் பெருவிரலாலும் மகரந்தத்தைச் சரியான இடத்தில் வைத்தான். பூ காய்த்தது. இன்றும் உலகம் முழுவதும் வனிலாத் தோட்டங்களில் அதே முறையில் கையால்தான் செய்கிறார்கள்.

4. தூசி போன்ற விதை

தேனீ வந்தாயிற்று. காயும் வந்தாயிற்று. இனிச் செடி சுலபமாக முளைத்துவிடும் என்று நினைக்கிறீர்களா? இனிமேல்தான் கஷ்டம்.

அம்மா பயறு ஊறப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளில் வெள்ளை முளை வரும். பயறுக்குள் இரண்டு பருப்புப் பாதி இருக்கிறது. அதுதான் முளைக்குச் சாப்பாடு. அம்மா கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாடு மாதிரி.

ஓர்க்கிட் விதைக்கு அந்தச் சாப்பாடு இல்லை. அது தூசி போல இருக்கும். ஊதினால் பறந்துவிடும். ஒரே ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருக்கும். அவ்வளவும் வெறும் கையோடு வெளியே போகின்றன.

அப்படியென்றால் எப்படி முளைக்கும்? மண்ணில் உள்ள ஒரு நண்பன் உதவி செய்ய வேண்டும். அந்த நண்பனின் பெயர் பூஞ்சணம். பழைய பாணில் பச்சையாக, வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுவும் ஒரு வகைப் பூஞ்சணம். காளானும் அந்தக் குடும்பம்தான். மண்ணில் உள்ள பூஞ்சணம் நூலை விட மெல்லிய இழைகளாகப் பரவி இருக்கும். சரியான வகைப் பூஞ்சணத்தின் இழை ஓர்க்கிட் விதையைத் தொட்டால், அதன் வழியாக விதைக்குச் சத்துக் கிடைக்கும். தொடாவிட்டால் அந்த விதை அப்படியே அழிந்துவிடும்.

முளைத்த பிறகும் அவசரம் இல்லை. முதலில் இலையே இல்லாமல் மண்ணுக்குள் இருக்கும். பிறகு ஒரு சின்ன இலை. அடுத்த வருடம் இன்னொன்று. பெரிய செருப்புப் பூச்செடி விதையிலிருந்து முதல் பூ வரை வளர 8 வருடம் ஆகலாம், அதைவிடக் கூடவும் ஆகலாம். நீங்கள் 2ஆம் வகுப்பில் இருந்தபோது மண்ணில் விழுந்த ஒரு விதை, நீங்கள் உயர்நிலைப் பள்ளி முடிக்கிற வருடத்தில்தான் முதற் பூவைத் தரலாம்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு பூவுக்கு என்னென்ன வேண்டும்? வெயில் வேண்டும். ஈரமண் வேண்டும். ஏமாறுகிற தேனீ வேண்டும். சரியான பூஞ்சணம் வேண்டும். பல வருடம் வேண்டும். பூவை நாம் ஒரு நொடியில் பார்த்துவிடுகிறோம். அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

5. உரையாடல்: ஒண்டே ஒண்டு

(அக்காவும் தம்பியும் சதுப்பு நிலத்தில் பலகைப் பாதையில் நிற்கிறார்கள். இந்தப் பகுதி பேச்சுத் தமிழில் இருக்கிறது. இரண்டு பேராகச் சத்தமாக வாசியுங்கள்.)

தம்பி: அக்கா, இஞ்ச பாருங்கோ! எவ்வளவு வடிவான பூ!

அக்கா: ஓம், செருப்புப் பூ. பலகையில நிண்டே பார். கீழ இறங்காத.

தம்பி: அம்மம்மாக்கு ஒண்டு பிடுங்கட்டே?

அக்கா: பிடுங்கினா வீட்ட போய்ச் சேர முதலே வாடிப்போம்.

தம்பி: அப்ப வேரோட கிண்டி எடுப்பம். பின்வளவில நடலாம். நான் ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துவன்.

அக்கா: தண்ணி நீ ஊத்துவாய். பூஞ்சணத்தை ஆர் கொண்டு வாறது?

தம்பி: மண்ணையும் சேர்த்து எடுத்தா?

அக்கா: ஒரு வாளி மண் காணாதடா. வேர் முறிஞ்சா அதுக்குத் தாங்காது. இந்த ஈரம், இந்த மண், இந்த வெயில் எல்லாம் எங்கட வளவில இல்லை. கிண்டி எடுத்த செடி கூடுதலாச் செத்துத்தான் போறது.

தம்பி: இவ்வளவு பூ இருக்கே. ஒண்டே ஒண்டுதானே அக்கா.

அக்கா: எங்களுக்கு முதல் எத்தினை பேர் இந்தப் பலகையில நிண்டிருப்பினம்? எல்லாரும் ஒண்டே ஒண்டு எடுத்திருந்தா, இண்டைக்கு நீ எதைப் பாப்பாய்?

தம்பி: (கொஞ்ச நேரம் யோசித்து) அப்ப அம்மம்மாக்கு என்ன கொண்டு போறது?

அக்கா: படம் எடு. அடுத்த வருசம் அம்மம்மாவையே கூட்டிக்கொண்டு வருவம். பலகைப் பாதைதானே, அவ மெதுவா நடப்பா.

6. தோண்டியவர்களும் காத்தவர்களும்

தம்பி கேட்ட கேள்வியை உலகத்தில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 'ஒன்றுதானே' என்று எடுத்தவர்களும் நிறையப் பேர்.

இலங்கையின் மலைப் புல்வெளிகளில் மஞ்சள் நிறத்தில் பூக்கும் ஒரு நிலத்து ஓர்க்கிட் இருக்கிறது. டஃபடில் ஓர்க்கிட் என்று சொல்வார்கள். உலகத்தில் வேறு எங்கும் அது இயற்கையாக வளருவதில்லை. அதன் கிழங்கில் மந்திர சக்தி இருக்கிறது என்று நம்பி ஆட்கள் தோண்டி எடுத்தார்கள். கிழங்கை எடுத்தால் செடி போய்விடும். அந்தச் செடி இப்போது அரிதாகிவிட்டது.

அமெரிக்காவில் உள்ள மினசோட்டா மாநிலத்தின் சின்னப் பூ, நாம் படித்த அதே பெரிய செருப்புப் பூதான். அங்கே ஆட்கள் அதை அள்ளி அள்ளிப் பிடுங்கினார்கள். அதனால் 1925இல் ஒரு சட்டம் வந்தது: காட்டில் உள்ள அந்தப் பூவைப் பிடுங்குவதும் வேரோடு எடுப்பதும் குற்றம்.

இனி ஒரு நல்ல கதை. இது நம்முடைய ஒன்ராறியோவில் நடந்தது. ஒட்டாவாவுக்கு மேற்குப் பக்கத்தில் லனார்க் என்று ஒரு பகுதி. அங்கே ஜோ பர்டன் என்பவருடைய நிலத்தில் ஒரு சதுப்பு இருந்தது. 1930களில் அதில் கொஞ்சச் செருப்புப் பூச்செடிகளை அவர் கண்டார். அவர் அதைப் பிடுங்கவில்லை. தோண்டி வீட்டு வாசலுக்குக் கொண்டுவரவும் இல்லை. செடி இருந்த இடத்தை அவர் பார்த்துக்கொண்டார். பல வருடங்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டார். அந்தச் சிறு கூட்டம் ஆயிரக்கணக்கான பூக்களாகப் பெருகியது. இன்று அந்த இடம் பர்டன் பாதுகாப்புப் பகுதி. கனடாவில் இந்தப் பூ இயற்கையாகக் கூட்டமாகப் பூக்கும் மிகப் பெரிய இடங்களில் அதுவும் ஒன்று. ஜூன் மாதத்தில் பலகைப் பாதையில் நடந்து போய் யாரும் பார்க்கலாம்.

கவனியுங்கள்: அவர் பூவைக் காப்பாற்றியது பூவுக்கு வேலி போட்டு அல்ல. அதன் வீட்டைக் காப்பாற்றினார். பூ தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

7. நாங்கள் எங்கே பார்க்கலாம்?

மார்க்கத்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் வடமேற்கே புரூஸ் குடாநாடு இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு போல அதற்கும் மூன்று பக்கம் தண்ணீர். அங்கே 40க்கும் மேற்பட்ட ஓர்க்கிட் வகைகள் இருக்கின்றன. ஹூரன் ஏரிப் பக்கத்தில் ஒலிஃபன்ட், பெட்ரல் பொயிண்ட் என்ற இடங்களில் சதுப்பு நிலத்தின் மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பூச்சியைப் பிடித்து உண்ணும் செடிகளையும் அங்கே காணலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதா? கவலைப்படாதேங்கோ. மார்க்கத்திலேயே ஒரு ஓர்க்கிட் உங்களுக்குக் கிட்டவாக இருக்கலாம். அதன் பெயர் ஹெலபொரின். ஐரோப்பாவிலிருந்து வந்த செடி. வட அமெரிக்காவில் 1879இல், நியூயோர்க் மாநிலத்தில், முதலில் கண்டார்கள். இன்று தென் ஒன்ராறியோவில் காட்டுப் பாதை ஓரத்திலும், வேலி ஓரத்திலும், சில வீட்டுத் தோட்டங்களிலும் தானாக முளைக்கிறது. பச்சையும் ஊதாவும் கலந்த சின்னப் பூக்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூக்கும். இதற்கு அதிக வெயில் வேண்டாம், நிழல் போதும். பல வகைப் பூஞ்சணங்களோடு இது சேர்ந்து வாழும். அதனால்தான் புது ஊரிலும் சுலபமாகப் பரவிவிட்டது. நிறையப் பேர் இதைக் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறார்கள். அது ஓர்க்கிட் என்றே அவர்களுக்குத் தெரியாது!

மார்க்கத்தின் கிழக்குப் பக்கத்தில் ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா இருக்கிறது. 2015இல் தொடங்கிய அது, கனடாவின் முதல் தேசிய நகர்ப் பூங்கா. அங்கே நடக்கப் போகும்போது பாதை ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள்.

எங்கே போனாலும் இந்த நான்கையும் மறக்க வேண்டாம்:

1. பாதையை விட்டு இறங்கக் கூடாது. நீங்கள் மிதிக்கிற இடத்தில் இன்னும் இலை விடாத குட்டிச் செடி இருக்கலாம்.
2. பூவைத் தொடக் கூடாது. பெரிய செருப்புப் பூவின் இலையிலும் தண்டிலும் உள்ள மயிர் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும்.
3. பூவைப் பிடுங்கவோ கிண்டவோ கூடாது. பூங்காக்களில் அது சட்டப்படியும் தவறு.
4. யாருக்கும் தெரியாத இடத்தில் அரிய பூவைக் கண்டால், படத்தைக் காட்டலாம். இடத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

ஓர்க்கிட் வளர்க்க ஆசையாக இருந்தால் கடையில் வாங்குங்கள். ஆய்வுகூடத்தில் விதைக்குச் சத்துக் கொடுத்து முளைக்க வைத்த செடிகள் கிடைக்கின்றன. வாங்கும்போது, 'இது காட்டிலிருந்து எடுத்ததா?' என்று கேட்கப் பழகுங்கள்.

சொல் அறிவோம்

சதுப்பு நிலம் – எப்போதும் ஈரமாகச் சேறாக இருக்கும் நிலம்
மகரந்தம் – பூவில் உள்ள மஞ்சள் தூள்
பூஞ்சணம் – காளான் குடும்பத்தைச் சேர்ந்த உயிர். தமிழ்நாட்டில் பூஞ்சை என்பார்கள்
இழை – மிக மெல்லிய நூல்
பிணைச்சல் – கதவைத் திறந்து மூட உதவும் இரும்பு. தமிழ்நாட்டில் கீல் என்பார்கள்
பின்வளவு – வீட்டுக்குப் பின்னால் உள்ள காணி
குடாநாடு – மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த நிலம்
அரிது – எளிதில் காணக் கிடைக்காதது
களை – நாம் நடாமல் முளைக்கும், வேண்டாத செடி

பேச்சும் எழுத்தும்

பேச்சு: இஞ்ச பாருங்கோ. எழுத்து: இங்கே பாருங்கள்.
பேச்சு: ஆர் கொண்டு வாறது? எழுத்து: யார் கொண்டு வருவது?
பேச்சு: ஒரு வாளி மண் காணாது. எழுத்து: ஒரு வாளி மண் போதாது.
பேச்சு: எத்தினை பேர் நிண்டிருப்பினம்? எழுத்து: எத்தனை பேர் நின்றிருப்பார்கள்?

உரையாடலில் இருந்து இன்னும் ஐந்து வசனங்களை எடுத்து எழுத்துத் தமிழில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் வேறு மாதிரிப் பேசினால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். அதுவும் சரியான தமிழ்தான்.

இலக்கணம்: –ஆல், –ஆவிட்டால்

வெயில் வந்தால் சூரிய ஓர்க்கிட் விரியும்.
வெயில் வராவிட்டால் அது மூடியே இருக்கும்.

இதே போல முடித்து எழுதுங்கள்:
1. பூஞ்சணம் விதையைத் தொட்டால் ________. தொடாவிட்டால் ________.
2. தேனீ மகரந்தத்தைக் கொண்டு போனால் ________. கொண்டு போகாவிட்டால் ________.
3. எல்லோரும் ஒரு பூ பிடுங்கினால் ________. பிடுங்காவிட்டால் ________.

விடை எழுதுங்கள்

1. மார்க்கத்து மரங்களில் ஓர்க்கிட் ஏன் வளருவதில்லை?
2. சதுப்பு நிலத்தில் வெயில் ஏன் அதிகமாகக் கிடைக்கிறது?
3. செருப்புப் பூவுக்குள் விழுந்த தேனீ எப்படி வெளியே வருகிறது? நான்கு வசனங்களில் எழுதுங்கள்.
4. பயறு விதைக்கும் ஓர்க்கிட் விதைக்கும் என்ன வித்தியாசம்?
5. ஜோ பர்டன் எதைக் காப்பாற்றினார்? அதனால் என்ன நடந்தது?
6. ஹெலபொரின் புது நாட்டில் பரவியது. செருப்புப் பூவைக் கிண்டி நட்டால் செத்துவிடுகிறது. ஏன்?

செய்து பார்ப்போம்

1. ஒரு டாண்டலியன் பூவைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மூன்று நாட்கள் காலை 8 மணி, பகல் 12 மணி, மாலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். 'விரிந்தது', 'பாதி', 'மூடியது' என்று எழுதுங்கள். வெயிலா, முகிலா, மழையா என்பதையும் எழுதுங்கள். பிறகு வகுப்பில் எல்லோருடைய அட்டவணையையும் சேர்த்துப் பாருங்கள்.

2. ஒரு பிடி பயறை இரவு ஊறவிட்டு, ஈரத் துணியில் கட்டி வையுங்கள். முளை வந்ததும் ஒன்றை இரண்டாகப் பிரித்து, சாப்பாடு இருக்கும் பகுதியை வரைந்து பெயர் எழுதுங்கள். மிச்சப் பயறை அம்மாவிடம் கொடுங்கள், சுண்டல் செய்யலாம்.

3. அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா யாராவது ஒருவரிடம் கேளுங்கள்: "ஊரில நீங்கள் சின்னனா இருக்கேக்க தானா முளைச்ச என்ன பூ பாத்தனீங்கள்? அது இப்பவும் இருக்கோ?" அவர் சொன்னதை அவர் பேசிய மாதிரியே எழுதிக்கொண்டு வாருங்கள்.